ரயில் விட்டுச் சென்ற சரிவு

டனீடனுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் நான் சைக்கிள் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். நியூசிலாந்தின் கிராமப்புறச் சாலைகளில் வாகனங்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை செல்லலாம். பல இடங்களில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழ அகலம்கூட மிச்சமிருக்காது. ஒரு நாள் மாலை, ஆடுகளை ஏற்றிய இரண்டடுக்கு லாரி ஒன்று என் தோளுக்கு மிக அருகில் கடந்து சென்றது. அது கிளப்பிய காற்று முதலில் என்னைப் புல்வெளிப் பக்கம் தள்ளியது. லாரி கடந்த மறுகணமே சாலையின் நடுவை நோக்கி இழுத்தது. நான் விழவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து வண்டியைச் சாத்தியவள் மூன்று ஆண்டுகள் அதைத் தொடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் சைக்கிளிலேயே போய் வளர்ந்த எனக்கு அந்த இழப்பு சிறியதல்ல.

என்னைத் திரும்பவும் சைக்கிளில் ஏற்றியது ஒட்டாகோ மத்திய ரயில் தடம். தெற்குத் தீவின் உட்புறத்தில், கிளைட் என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் என்ற சிற்றூர் வரை, 152 கிலோமீட்டர் நீளத்துக்குச் சரளை பரப்பிய பாதை அது. நடப்பவர்களுக்கும், சைக்கிளில் செல்பவர்களுக்கும், குதிரையில் செல்பவர்களுக்கும் மட்டுமே அதில் இடம் உண்டு. ஆங்காங்கே தார்ச்சாலை குறுக்கிடும் இடங்களில் நின்று இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும். மற்றபடி ஒரு மோட்டார் வாகனமும் பின்னாலிருந்து வராது. கடந்த மார்ச் மாத இறுதியில், இலையுதிர்காலம் தொடங்கும் வேளையில், ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பியும் நானும் அதை நான்கு நாட்களில் ஓட்டி முடித்தோம். அம்மாவும் பெட்டிகளும் என் கணவரின் காரில் ஊர் ஊராக வந்து எங்களைச் சந்தித்தார்கள்.

இந்தப் பாதையைப் புரிந்துகொள்ள அதன் சரிவிலிருந்து தொடங்க வேண்டும். ஒட்டாகோ மத்திய ரயில்வேயின் பணி 1879இல் டனீடனுக்கு அருகிலுள்ள விங்காட்டுயியில் தொடங்கியது. தண்டவாளம் 1891இல் மிடில்மார்ச்சையும், 1898இல் ரான்ஃபர்லியையும், 1907இல் கிளைட்டையும், 1921இல்தான் குரோம்வெல்லையும் எட்டியது. சுமார் 236 கிலோமீட்டர் போட நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெரும்பகுதி வேலை மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் நடந்தது. மேடுகள் வெட்டப்பட்டன, பள்ளங்களில் கரை எழுப்பப்பட்டது, மலையைச் சுற்றிப் போக முடியாத இடங்களில் குகை குடையப்பட்டது. இத்தனைக்கும் காரணம், நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதுதான். ஐம்பது அடி தூரம் சென்றால் ஓரடிக்கு மேல் உயரக் கூடாது என்பதே இன்று பாதையாக இருக்கும் பகுதியின் அதிகபட்சச் சரிவு. நூறு ஆண்டுகளுக்கு முன் கரி தின்ற எஞ்சினின் நெஞ்சுவலுவுக்காக அளந்து வைத்த அந்தச் சரிவு, இன்று ஐம்பது வயதை நெருங்கும் என் முழங்காலுக்கும் சரியாகப் பொருந்துகிறது. நான்கு நாட்களில் ஒருமுறைகூட நான் இறங்கித் தள்ளவில்லை.

கிளைட்டில் அணை கட்ட முடிவானபோது, நீரில் மூழ்கவிருந்த குரோம்வெல் பகுதித் தடம் 1980இல் மூடப்பட்டது. அணைக்கான பொருட்களைச் சுமந்து வந்த மீதித் தடமும், அணை வேலை முடிவுக்கு வந்தபோது தேவையற்றதாகி, 1990 ஏப்ரல் இறுதியில் மிடில்மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. தண்டவாளங்களையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் பெயர்த்து எடுத்துச் சென்றார்கள். எஞ்சியது ஒரு ஜல்லி மேடு. 1993இல் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்த நிலத்தை ஒரே துண்டாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பகுதி பகுதியாகச் செப்பனிடப்பட்டு, 2000ஆம் ஆண்டில் முழுப் பாதையும் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் என் மனம் நிற்கும் இடம், 1990க்கும் 1993க்கும் இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகள். அந்த நாட்களில் நிலத்தைத் துண்டு போட்டு அண்டை வயல்களோடு சேர்த்திருந்தால், யாரும் பெரிதாகக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். பாதை வரப்போகிறது என்றபோது எதிர்த்த விவசாயிகளும் இருந்தார்கள். வருகிறவர்கள் வேலியைத் திறந்து போடுவார்கள், ஆடுகளை மிரட்டுவார்கள், தீ வைத்துவிடுவார்கள் என்ற அவர்களுடைய அச்சம் நியாயமற்றதல்ல. தன் வயலின் நடுவே அந்நியர் நடமாடுவதை எந்த ஊர் விவசாயியும் எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். இன்று அதே குடும்பங்களில் சில, ஆட்டுரோமம் கத்தரிப்பவர்கள் தங்கிய பழைய குடில்களைச் செப்பனிட்டு எங்களைப் போன்றவர்களைத் தங்க வைக்கின்றன. ஒரு நீண்ட தடத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் விற்கப்பட்டிருந்தாலும் மீதி 151 கிலோமீட்டரால் பயனில்லை. அதனால்தான் வழித்தடம் என்ற சொத்தை மற்ற நிலங்களைப் போல எண்ணிவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை ஒருமுறை அறுத்துவிட்டால், திரும்பக் கோக்க எந்த அரசிடமும் பணம் இருக்காது.

சரளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரயில் போட்ட ஜல்லி முட்டையளவு பெரியது. அதன்மேல் சைக்கிள் ஓட்ட முடியாது. அதனால் ஜல்லியின்மேல் பொடிச் சரளையைக் கொட்டி உருளையால் அமுக்கினார்கள். அடியில் கிடக்கும் ஜல்லி மழைநீரைத் தேங்கவிடாமல் வடித்துவிடுகிறது. மேலே இருக்கும் பொடி இறுகி, நன்றாக மெழுகிய களத்துமேட்டைப்போல ஆகிவிடுகிறது. சக்கரம் அதில் உருளும்போது எழும் ஓசை, ஈரமான மணலைச் சலிப்பதுபோல் இருக்கும். அது சீராகக் கேட்கும்வரை எல்லாம் நலம். ஓசை கரகரப்பாக மாறினால், முன்னால் சரளை இளகிக் கிடக்கிறது என்று பொருள். அங்கே முன்பிரேக்கைத் தொடக் கூடாது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பாலங்களை நெருங்கும் இடங்களிலும், வேலிக்கதவுகளின் முன்பும், எல்லோரும் பிரேக் பிடித்துப் பிடித்து மண் தளர்ந்திருக்கும். என் தம்பி முதல் நாள் அப்படி ஓரிடத்தில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். டயரில் காற்றைக் கல்லைப்போல் ஏற்றி வந்ததுதான் காரணம். பாதிக்குச் சற்று மேல் வைத்துக்கொண்டால் 40 மில்லிமீட்டர் அகல டயர் சரளையைக் கவ்விக்கொண்டு போகிறது. மணிக்கட்டுக்கும் அதிர்வு குறைகிறது.

கிளைட்டிலிருந்து அலெக்சாண்ட்ரா வரையிலான முதல் 8 கிலோமீட்டரில் சொல்வதற்கு அதிகமில்லை. பாறைச் சரிவுகளில் காடாய்ப் படர்ந்திருக்கும் தைம் செடியின் மணம் மட்டும் நினைவில் நிற்கிறது. நியூசிலாந்து என்றதும் நம் மனத்தில் எழும் பசுமை இங்கே இல்லை. மேற்கு மலைத்தொடர்கள் மழையைத் தடுத்துவிடுவதால், அலெக்சாண்ட்ராவில் ஆண்டுக்குச் சுமார் 350 மில்லிமீட்டர் மழைதான் பெய்கிறது. பொன்னிறப் புல், சாம்பல் நிறச் சிஸ்ட் பாறை, பிசிறில்லாத வானம். புதுக்கோட்டையின் பொட்டல்வெளி வழியே போய் வளர்ந்த எனக்கு அந்த வறட்சி உடனே பழகிவிட்டது. சாட்டோ கிரீக் தாண்டியதும் டைகர் ஹில் என்ற ஏற்றம் வருகிறது. பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மலையை நேராகத் தாக்காமல் பாதை பெரிய வளைவாகச் சுற்றி ஏறுகிறது.

இரண்டாம் நாள் காலையில் லாடரைக் கடந்தபின் வந்த பூல்பர்ன் பள்ளத்தாக்குதான் முழுப் பயணத்தின் உயிர். முதலில் மானுஹெரிக்கியா ஆற்றின்மேல் ஓர் இரும்புப் பாலம். முன்பு ஸ்லீப்பர் கட்டைகள் கிடந்த இடத்தில் பலகை அடித்துக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். சக்கரம் ஏறியதும் ஒவ்வொரு பலகையும் ஒருமுறை தடதடத்து அடங்குகிறது. அதன்பின் வழி மலையின் விலாவைப் பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. இடப்பக்கம் வலப்பக்கம் என்று மாறி மாறி ஆறு மிகக் கீழே போய்விடுகிறது. தார்ச்சாலை எதுவும் இந்தப் பள்ளத்தாக்குக்குள் வருவதில்லை. இதைப் பார்க்க வேண்டுமானால் சைக்கிளிலோ குதிரையிலோ நடந்தோதான் வர வேண்டும்.

அடுத்தடுத்து இரண்டு குகைகள். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு மேல் நீளம். உள்ளே விளக்கு இல்லை. நாங்கள் இறங்கி, டார்ச்சைக் கொளுத்திக்கொண்டு வண்டியைத் தள்ளிச் சென்றோம். வெளியே வெயிலில் வியர்த்த முதுகு உள்ளே பத்தடி வைப்பதற்குள் குளிர்ந்துவிட்டது. சுவரில் டார்ச் வெளிச்சம் பட்டபோது, பாறையில் கைத்துளை போட்ட தடங்கள் தெரிந்தன. அதில் விரலை வைத்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் கூடாரத்தில் தங்கி, விடிந்ததும் இந்த இருட்டுக்குள் வந்து உளி பிடித்த யாரோ ஒருவரின் வேலை அது. அவர்களுடைய பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. இந்தப் பகுதியின் குளிர் எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும்: நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருப்பது, தடம் போடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1903 ஜூலையில், ரான்ஃபர்லியில் பதிவான பூஜ்யத்துக்குக் கீழே 25.6 டிகிரி.

இரண்டாம் குகையைவிட்டு வெளியே வந்து சிறிது தூரத்தில் பூல்பர்ன் பாலம். உயரம் 37 மீட்டர். வெட்டிய சிஸ்ட் கல்லை அடுக்கி எழுப்பிய தூண்கள், அவற்றின்மேல் இரும்புச் சட்டங்கள். நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். ஓடை ஒரு நூலாகத் தெரிந்தது. கற்களின் இணைப்பில் ஒரு விரிசலும் இல்லை. 1990 வரை ரயிலையும், நூறு ஆண்டுகளுக்கு மேலாக உறைபனியையும் தாங்கிய அந்தத் தூண்கள், இப்போது எங்கள் இருவரையும் இரண்டு சைக்கிள்களையும் சுமந்து நின்றன. தம்பி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இதைக் கட்டினவன் ஒருத்தனாவது இதுமேல நின்னு சோறு தின்னுருப்பான்ல?" என்றான். நாங்கள் கொண்டுவந்த புளியோதரைப் பொட்டலத்தை அங்கேயே பிரித்தோம்.

பள்ளத்தாக்கைவிட்டு ஏறினால் ஐடா சமவெளி. வளைவே இல்லாத நேர்கோட்டில் பாதை அடிவானம் வரை நீள்கிறது. சரளைப் பாதையின் உண்மையான எதிரி ஏற்றமல்ல, எதிர்காற்று என்பதை அங்கே கற்றுக்கொண்டோம். அந்தப் பகல் வேளையில் காற்று திசை மாறி வந்து முகத்தில் அறைந்தது. பெடலை நிறுத்தினால் சமதளத்திலேயே வண்டி நின்றுவிடும்போல் இருந்தது. ஓட்டுரேஹுவாவை அடைந்தபோது அம்மா அங்கே ஒரு பழைய கடையின் முன் பெஞ்சில் அமர்ந்திருந்தார். 1902 முதல் நடந்துவரும் கடை அது. அலமாரிகளில் பழைய தகர டப்பாக்கள் இன்னும் அடுக்கப்பட்டிருக்கின்றன.

அந்த ஊரில் ஹேய்ஸ் பட்டறை இருக்கிறது. எர்னஸ்ட் ஹேய்ஸ் 1895இல் அங்கே விவசாயக் கருவிகள் செய்யத் தொடங்கினார். வேலிக்கம்பியை இழுத்து முறுக்கும் அவருடைய கருவி, இன்றும் பல நாட்டு விவசாயிகள் கையில் இருக்கிறது. அவர் செய்த கருவிகளை யார் விற்றார் என்பது எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. அவருடைய மனைவி ஹன்னா, 1890களில், சாலை என்று சொல்லத் தகுந்த சாலை இல்லாத இந்த மலைநாட்டில், ஒரு சைக்கிளில் ஏறிப் பண்ணை பண்ணையாகச் சென்று அவற்றை விற்றிருக்கிறார். கியர் இல்லாத, கனமான இரும்பு வண்டி, கணுக்கால்வரை பாவாடை, இன்றைய சரளை அன்று கிடையாது.

இதை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது அம்மா பட்டறையின் வாசலிலேயே நின்றுவிட்டார். 1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது கற்றுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களில் என் அம்மாவும் ஒருவர். அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் பெயர் எங்கள் வீட்டில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படும். பார் வைத்த அப்பாவின் சைக்கிளில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கண்மாய்க் கரையில் ஓட்டிப் பழகினார். அதன்பின் இருபது ஆண்டுகள் பால் கொண்டுபோக, ரேஷனுக்குப் போக, என்னைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட, எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். ஊருக்குள் பைக்கும் காரும் பெருகி, ஒருமுறை கடைத்தெருவில் இடித்துத் தள்ளப்பட்ட பிறகு அவரும் நிறுத்திவிட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே காரணம் என்பதை அந்த வாசலில்தான் உணர்ந்தேன்.

"அந்தம்மா எத்தன மைல் போயிருக்கும்?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "எனக்கும் ஒரு வண்டி கெடைக்குமா தாயி?" என்றார்.

மறுநாள் காலையில் வாடகைக்கு ஒரு பேட்டரி சைக்கிள் எடுத்தோம். ஓட்டுரேஹுவாவிலிருந்து வெடர்பர்ன் வரை சுமார் 12 கிலோமீட்டர். முதல் ஐந்து நிமிடம் தம்பி பக்கத்திலேயே ஓடினான். அதன்பின் அவனுக்கு மூச்சு வாங்கியது. அம்மா போய்க்கொண்டே இருந்தார். பாதை தாழாமல், தெரியாமல் உயர்ந்துகொண்டே போகிறது. வழியில் 45ஆம் அட்சரேகையைக் காட்டும் அடையாளம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கும் தென்துருவத்துக்கும் சரிபாதி. முழுப் பாதையின் மிக உயரமான இடமும் அந்தப் பகுதியில்தான், 618 மீட்டர். ஆனால் அங்கே நிற்கும்போது மலை ஏறிவிட்டோம் என்று உடம்பு சொல்வதில்லை. ஹாக்டன் மலைகளின் உச்சியில் புதுப்பனி வெள்ளையாகத் தூவிக் கிடந்தது. அம்மா தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டு, மிதிப்பதை நிறுத்தாமல், "பின்னால ஏதும் வருதான்னு காது கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இப்பத்தான் விட்டுச்சு" என்றார். நான் எழுத நினைத்ததை என்னைவிடச் சரியாகச் சொன்னது அந்த வாக்கியம். வாகனமில்லாத பாதையில் கால்கள் ஓய்வதில்லை. முதுகுப்பக்கம் திறந்திருந்த காதுதான் ஓய்கிறது. அதன்பின்தான் கண் விழித்து ஊரைப் பார்க்கத் தொடங்குகிறது.

வெடர்பர்னில் ரயில் நிலையத்தின் பச்சை நிறச் சரக்குக் கொட்டகை நிற்கிறது. தடம் மூடிய பின் வேறிடத்துக்குப் போய்விட்ட அதை, ஊர்க்காரர்கள் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஊர்ப்பெயருக்கும் ஒரு கதை உண்டு. வெடர் என்றால் காயடித்த கிடா. பர்ன் என்றால் ஓடை. கிழக்கே போனால் ஈவ்பர்ன், கைபர்ன், ஸ்வின்பர்ன் என்று ஆடு, மாடு, பன்றி எல்லாம் ஓடைகளாக வருகின்றன. 1850களின் பிற்பகுதியில் இந்த உள்நாட்டை அளந்த ஜான் டர்ன்புல் தாம்சன், தன் வடஇங்கிலாந்து வட்டார வழக்கில் வைத்த பெயர்கள் இவை. சிங்கப்பூரில் அரசு நில அளவையாளராக இருந்து ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவரும் இவரே. அங்கே உள்ள தாம்சன் சாலை இவர் பெயரைத்தான் தாங்குகிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த என் தம்பிக்கு இது பெரும் வியப்பு. அவன் தினமும் பேருந்தில் போன சாலையின் பெயர்க்காரர், அவன் இப்போது சைக்கிளில் கடக்கும் ஓடைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்.

வெடர்பர்னிலிருந்து ரான்ஃபர்லி வழியாக வைப்பியாட்டா வரை மனியோட்டோட்டோ சமவெளியில் இறக்கம். காற்றும் அன்று பின்னால் வந்து தள்ளியது. அழகுதான், ஆனால் மூன்று மணி நேரம் ஒரே வேலி, ஒரே புல், ஒரே கோடு. நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் காரில் கடந்துவிட்டு, லாடருக்கும் ஓட்டுரேஹுவாவுக்கும் இடையிலும் ஹைட்டுக்கு வடக்கேயும் நாளைச் செலவிடலாம் என்பது என் எண்ணம். பள்ளத்தாக்கும் குகையும் பாலமும் திரும்ப வருவது அங்கேதான்.

ஹைட்டுக்கு அருகே ஒரு கல்நினைவுச் சின்னம் இருக்கிறது. 1943 ஜூன் 4ஆம் தேதி, குரோம்வெல்லிலிருந்து டனீடனுக்குச் சென்ற விரைவு ரயில், அங்கே மேட்டை வெட்டிப் போட்ட தடத்தின் வளைவில் அளவு மீறிய வேகத்தில் தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள், 47 பேர் காயமடைந்தார்கள். இந்த வளைவுகளை மூன்று நாட்களாக இன்பமாக அனுபவித்து வந்த எங்களுக்கு, அதே வளைவு கேட்ட விலை அங்கே கல்லில் எழுதப்பட்டிருந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தோம்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். ஆனால் எந்த மாதத்திலும் ஒரே நாளில் வெயிலும் பனித்துகளும் வரலாம், ஆகவே காற்று புகாத மேலாடை வேண்டும். குகைகளுக்கு டார்ச் கட்டாயம். ஊர்களுக்கு இடையே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. சைவ உணவு கேட்டால் கிடைக்கும், முன்கூட்டிச் சொல்ல வேண்டும். பெட்டிகளை அடுத்த ஊருக்கு எடுத்துச் செல்லும் வண்டிகள் இருப்பதால் கேரியரில் சுமை ஏற்றத் தேவையில்லை. வேலிக்கதவைத் திறந்த நிலையில் கண்டால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். எதிர்த்து நின்ற விவசாயிகள் பின்னர் நம்பிக்கை வைத்தது இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான்.

கடைசி நாள் பிற்பகலில், வலப்பக்கம் ராக் அண்ட் பில்லர் மலைத்தொடரின் நிழல் நீண்டு வர, மிடில்மார்ச்சை அடைந்தோம். பழைய நிலையத்தில் சரளை முடிகிறது. சற்றுத் தள்ளித் துருவேறிய தண்டவாளம் டனீடன் பக்கமாகத் தொடங்குகிறது. அம்மா குனிந்து இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைச் சாணால் அளந்தார். 1,067 மில்லிமீட்டர். "நம்மூர்ல முன்னாடி ஓடுன மீட்டர்கேஜ விட ஒரு சாண்கூட அதிகமில்ல" என்றார். பிறகு, மானாமதுரைக்குப் போன அந்தப் பழைய ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே, தம்பியின் சைக்கிளை வாங்கி, நிலையத்தின் முன்னால் இருந்த சரளைத் திடலில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். என் கணவர் காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா இரண்டாம் சுற்றைத் தொடங்கினார்.